கிணத்து நீச்சலை நம்பி ஆத்துல இறங்காதீங்க!

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் போன் பண்ணுகிறான். "அப்பா, நாலு நாள் சேர்ந்தாப்பல லீவு வருது. ஆத்தங்கரையில டென்ட் போட்டுத் தங்கற மாதிரி ஒரு டூர் இருக்கு. தூண்டில் போடச் சொல்லித்தர கைடு இருக்காரு. சாப்பாடு அவங்களே பாத்துக்கறாங்க. நீங்களும் அம்மாவும் கிளம்பி வந்துடுங்க."

அயோத்தியாப்பட்டணம் வீட்டில் உடனே பரபரப்பு ஆரம்பித்துவிடும். அம்மா முறுக்குக்கு அரிசி ஊறப்போடுவார். கோதண்டராமர் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்துவிட்டுக் கிளம்பலாம் என்பார் பாட்டி. அப்பா மட்டும் அலட்டிக்கொள்ள மாட்டார். "எனக்கென்னடா? நான் பம்புசெட் மேல ஏறிக் கிணத்துல குதிச்சவன்!"

இங்கேதான் கொஞ்சம் நில்லுங்கள்.

சேலம், நாமக்கல் மேட்டுநிலத்தில் நீச்சல் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் கிணற்றில் கற்றுக்கொண்டவர்கள்தான். முதுகில் சுரைக்குடுக்கை, கொஞ்சம் வசதியானவர்களுக்கு லாரி ட்யூப். மாமாவோ சித்தப்பாவோ பிடித்துத் தள்ளிவிட, நாலு மடக்கு தண்ணீர் குடித்து, நாலாம் நாள் நீச்சல் வந்துவிடும். வேறு எங்கே போவது? நம் ஊர்ப்பக்கம் வருஷம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. திருமணிமுத்தாறு இருக்கிறது, அதில் குளிக்கச் சொல்லி யாரும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள்.

கிணற்று நீச்சல் ஒன்றும் மட்டமான வித்தை இல்லை. ஆனால் கிணற்றுத் தண்ணீர் நின்ற தண்ணீர். களைத்துப்போனால் எந்தத் திசையில் கை நீட்டினாலும் சுவர் உண்டு, கல் படி உண்டு. ஆழமும் தினம் பார்த்துப் பழகியது. ஆற்றில் இது எதுவுமே கிடையாது. நீங்கள் கரையை நோக்கிக் கை போடப் போட, ஆறு உங்களைக் கீழே இழுத்துக்கொண்டே போகும். கிணற்றுப் பழக்கத்தில் "இதோ கரை" என்று நேர் எதிராக முட்டி மோதுபவர் ஐந்து நிமிடத்தில் களைத்துவிடுவார். நீச்சலே தெரியாதவர் பயந்து கரையில் உட்கார்ந்திருப்பார். அரைகுறையாகத் தெரிந்தவர்தான் இறங்குவார்.

இந்தியாவில் ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல் தண்ணீரில் மூழ்கி இறக்கிறார்கள். உலகம் முழுக்கப் பார்த்தால் 2021-ல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்கென்றே 2021 முதல் ஜூலை 25-ஐ ஐ.நா. சபை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் தினமாக அறிவித்திருக்கிறது. ஜூலை 25 என்றால் நமக்கு ஆடி மாதம். பதினெட்டாம் பெருக்குக்குச் சில நாள் முன்னால். யாரோ நம் காலண்டரைப் பார்த்துத் தேதி குறித்த மாதிரி இருக்கிறது.

அதற்காக டூரையே கேன்சல் பண்ணச் சொல்லவில்லை. ஆற்றங்கரையில் இரண்டு நாள் தங்குவது மனசுக்கும் உடம்புக்கும் நல்லதுதான். தயாரிப்பு என்பது முறுக்கோடு முடிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

எந்த ஆறு? என்ன தூண்டில்?

முதலில் போகிற இடத்தைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காவிரியில் தூண்டில் போடுவது வெள்ளைக்காரன் காலத்திலேயே உலகப் புகழ் பெற்ற விஷயம். சென்னை மாகாணத்தில் சிவில் அதிகாரியாக இருந்த எச்.எஸ்.தாமஸ், இந்தியாவில் மீன் பிடிப்பது பற்றி 1873-லேயே ஒரு புத்தகம் போட்டார். 1946-ல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் கபினி ஆற்றில் 120 பவுண்டு எடையுள்ள மஹ்சீர் மீனைப் பிடித்தார். கிட்டத்தட்ட 54 கிலோ. ஒரு ஆள் எடை! மஹ்சீர் என்பது கெண்டை இனத்தில் ராட்சசன். அதைப் பிடிக்கவே வெளிநாட்டுக்காரர்கள் கர்நாடகத்தின் பீமேஸ்வரி, காலிபோரே முகாம்களுக்கு வந்து தங்கினார்கள். பிடித்து, எடை போட்டு, போட்டோ எடுத்து, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள்.

இப்போது அந்தக் கதை மாறிவிட்டது. அந்தப் பகுதி வனவிலங்கு சரணாலயம் என்பதால் முகாம்களில் தூண்டில் போடுவதை நிறுத்திவிட்டார்கள். காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர், அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலில் 2018-ல் சேர்ந்தது. நம் பக்கத்துக் கரையிலும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகள் 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. ஆகவே "காட்டுக்குள்ள டென்ட், ராத்திரி தூண்டில்" என்று யாராவது ஆசை காட்டினால், வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அனுமதி இல்லாத முகாமில் லைஃப் ஜாக்கெட்டும் ஒழுங்காக இருக்காது, முதலுதவிப் பெட்டியும் இருக்காது.

கைடு வைத்து, லைசென்ஸ் வாங்கி, முறைப்படி தூண்டில் போடும் டூர் என்றால் இமாசலப் பிரதேசத்துத் தீர்த்தன் பள்ளத்தாக்குதான் பிரபலம். ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன் அங்கே உண்டு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அதைப் பிடிக்கத் தடை. அங்கே சொல்லித்தருவது ஃப்ளை ஃபிஷிங். நம் தூண்டிலில் மண்புழு, தக்கை. அதில் புழு கிடையாது. இறகையும் நூலையும் சுற்றி ஈ, பூச்சி மாதிரி செய்து முள்ளை அதற்குள் ஒளித்துவைத்திருப்பார்கள். தடித்த நூலைச் சாட்டை மாதிரி முன்னும் பின்னும் வீசி, அந்தப் பொய்ப்பூச்சியைத் தண்ணீர் மேல் மெதுவாக இறக்க வேண்டும். மீன் நிஜப் பூச்சி என்று ஏமாந்து கவ்வும்.

இவ்வளவு தூரம் வேண்டாம் என்பவர்களுக்கு இருக்கவே இருக்கிறது ஒகேனக்கல். தருமபுரி, பென்னாகரம் வழியாகக் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வறுத்த மீன். பரிசல் ஓட்டுபவர்தான் அங்கே கைடு. எந்த ஆறானாலும் தயாரிப்பு ஒன்றேதான்.

தண்ணியைத் திறந்துவிடறது யாரு?

கிணற்றில் இல்லாத இன்னொரு விஷயம் இது. ஆற்றின் மட்டம் நீங்கள் நிற்கும் இடத்தில் தீர்மானமாவதில்லை. எங்கோ மேலே ஓர் அணையில் தீர்மானமாகிறது.

2014 ஜூன் 8-ம் தேதி சாயங்காலம். ஐதராபாத்திலிருந்து சுற்றுலா போன என்ஜினீயரிங் மாணவர்கள் இமாசலத்தில் பியாஸ் ஆற்றுக்குள் பாறைகள் மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குறைவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மேலே லார்ஜி நீர்மின் நிலைய அணையில் மதகைத் திறந்தார்கள். சில நிமிடங்களில் மட்டம் ஏறியது. 24 மாணவர்களும் டூர் அழைத்துப்போன ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டார்கள். இவ்வளவுக்கும் மழை கூட இல்லை. இன்னொன்று: தீர்த்தன் ஆறு போய்ச் சேருவதே அந்த லார்ஜி பக்கம், பியாஸ் நதியில்தான்.

நம் ஊர்க் கணக்கும் இதேதான். ஒகேனக்கல்லுக்கு வரும் தண்ணீர் கர்நாடகத்துக் கிருஷ்ணராஜசாகரும் கபினியும் திறந்துவிடுவதைப் பொறுத்தது. அது தமிழ்நாட்டு எல்லையில் பிலிகுண்டுலுவில் அளக்கப்பட்டு, மறுநாள் காலைப் பேப்பரில் "இத்தனை ஆயிரம் கன அடி" என்று வருகிறது. அந்த வரியைப் படிக்காமல் புரட்டிவிடுகிறோம். ஒரு கன அடி என்றால் விநாடிக்கு 28 லிட்டர் சொச்சம். 10,000 கன அடி என்றால் விநாடிக்கு 2 லட்சத்து 83 ஆயிரம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி 23 வண்டி, ஒவ்வொரு விநாடியும்! முந்தின நாளைவிட இந்த எண் விறுவிறுவென்று ஏறியிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். நீர் அதிகமானால் மாவட்ட நிர்வாகமே பரிசலுக்கும் குளிக்கவும் தடை போட்டுவிடும். "இவ்வளவு தூரம் வந்துட்டோம்..." என்று பரிசல்காரரிடம் கெஞ்சுவதும், கூடப் பணம் தருவதும் வேண்டவே வேண்டாம்.

மேட்டூருக்குக் கீழே பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம், ஜேடர்பாளையம், மோகனூர் என்று எங்கே இறங்கினாலும் மதகு மேட்டூரில் இருக்கிறது. நடு ஆற்றுத் திட்டில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுகிற ஆசை பலருக்கு உண்டு. தெளிந்திருந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ சோற்றை அப்படியே போட்டுவிட்டுக் கரைக்கு வாருங்கள். செருப்பு எடுக்கக் கூட நிற்காதீர்கள்.

கைடிடம் முன்கூட்டியே மூன்று கேள்வி கேளுங்கள். மேலே எந்த அணை? திறந்தால் உங்களுக்கு யார் தகவல் சொல்வார்கள்? ராத்திரி தண்ணீர் ஏறினால் டென்டிலிருந்து மேட்டுக்குப் போக எது வழி? நல்ல கைடு சந்தோஷமாகப் பதில் சொல்வார். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்பவரிடம் குடும்பத்தை ஒப்படைக்காதீர்கள்.

முழங்காலுக்கு மேல் வேண்டாம்

ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகும். முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று தோன்றும்; வேகமாக ஓடினால் வாட்டசாட்டமான ஆளையும் அது உருட்டிவிடும். மீன் பிடிக்க இறங்கினால் கையில் ஒரு கம்பு வேண்டும். காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்தபடி நகருங்கள். தெளிந்த நீரில் ஆழம் கண்ணுக்குக் குறைவாகத்தான் தெரியும். இரண்டடி என்று நினைத்துக் கால் வைத்த இடம் மடுவாக இருக்கலாம்.

அடித்துக்கொண்டு போனால்? எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொண்டால் தண்ணீர் உடம்பை முன்னால் சாய்த்து அமுக்கிவிடும். மல்லாந்து, கால் முன்னால், விரல் நுனி தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி மிதந்து போங்கள். வேகம் குறைந்த இடத்தில் சாய்வாகக் கரையை நோக்கி ஒதுங்குங்கள். நேர் எதிர் நீச்சல் வேண்டாம். இதை வீட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் பிள்ளைகளைப் படுக்கவைத்துச் சொல்லிக்கொடுங்கள். சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வார்கள்.

லைஃப் ஜாக்கெட் போட்டால் மட்டும் போதாது, பொருந்த வேண்டும். போட்டுப் பக்கிளை மாட்டிய பிறகு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். முகவாயைத் தாண்டிக் காது வரை ஏறினால் அது பெரிய சைஸ். தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவும். குழந்தைகளுக்குத் தொடை இடுக்கு வழியாக வரும் பட்டை உள்ளது நல்லது. போட்டோவுக்காகப் பக்கிளைக் கழற்றிவிடும் பெரியவர்களை என்ன சொல்ல!

பெண்கள் புடவையோடு இறங்க வேண்டாம். நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொண்டால் நீச்சல் வீராங்கனையாலும் காலை அசைக்க முடியாது. சுடிதார் தேவலை, துப்பட்டாவைக் கழற்றிவிடுங்கள். வேட்டிக்காரர்களுக்கும் இதே சட்டம்தான். ஒகேனக்கல்லில் எண்ணெய் மசாஜ் செய்துகொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பாதத்தில் எண்ணெய் வழிய அந்தப் பாறையில் நடக்காதீர்கள். கீழே பாசி, மேலே எண்ணெய். இடுப்பு எலும்பு முறிவுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. குளித்து முடித்துக் கரையேறும் வரை ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

இமாசலத்து ஆறு என்றால் குளிரும் சேர்ந்துகொள்கிறது. அது பனி உருகி வரும் தண்ணீர். சட்டென்று விழுந்தால் உடம்பு தன்னை அறியாமல் 'ஹக்' என்று மூச்சை இழுக்கும். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து. முதல் ஒரு நிமிடம் நீந்தவே முயலாமல் மிதந்தபடி மூச்சைச் சமாளிப்பதுதான் முக்கியம், அதற்குத்தான் ஜாக்கெட். நம் சேலத்து வெயில் உடம்புக்கு இது பழக்கமே இல்லை. இதய நோயாளிகள் அந்தத் தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.

குடித்துவிட்டு ஆற்றில் இறங்குவது பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை. மச்சான், மாமன் என்று கூட்டமாகப் போகும்போது யார் பையில் பாட்டில் இருக்கிறது என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள்.

முள் குத்தினால் பிடுங்காதீங்க

தூண்டில் முள்ளின் நுனிக்குப் பக்கத்தில் எதிர்ப்பக்கமாக ஒரு சின்னக் கொக்கி இருக்கும். மீன் நழுவாமல் இருக்க அது. நம் விரலில் ஏறினாலும் அதே வேலையைத்தான் செய்யும். பல வருஷத்துக்கு முன்னால் ஏரிக்கரையில் என் மைத்துனர் கட்டைவிரலில் ஏறிய முள்ளை, "ஒண்ணுமில்ல மாமா" என்று சொல்லிக்கொண்டே வெடுக்கென்று இழுத்தார். வந்தது முள் மட்டுமல்ல, கூடவே சதையும்தான். நாலு தையல். கொக்கி உள்ளே போய்விட்டால் நூலை வெட்டிவிட்டு, முள் அசையாமல் துணி வைத்துக் கட்டி, டாக்டரிடம் போங்கள். மரத்துப்போக ஊசி போட்டு அவர் லாவகமாக எடுத்துவிடுவார். தடுப்பூசி போட்டு ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் டெட்டனஸ் ஊசியும் தேவைப்படும். கிளம்புகிற வாரமே அதைப் பார்த்துவிடலாமே!

ஃப்ளை ஃபிஷிங்கில் நூல் பின்பக்கமும் பறக்கிறது என்பதை மறக்கக் கூடாது. வீசுகிறவர் பின்னால் பிள்ளைகள் நிற்கவே கூடாது. எல்லோருக்கும் தொப்பி, கண்ணுக்குக் கண்ணாடி. பவர் கிளாஸோ கூலிங் கிளாஸோ ஏதாவது ஒன்று இருந்தால் போதும். தப்பித்தவறி கண்ணில் முள் பட்டுவிட்டால் தொடாதீர்கள், கழுவாதீர்கள், சொட்டு மருந்து விடாதீர்கள். ஒரு காகித டம்ளரைக் கண் மேல் அழுத்தாமல் கவிழ்த்து ஒட்டிவிட்டு நேராகக் கண் ஆஸ்பத்திரி. "கொக்கி இல்லாத முள் குடுங்க" என்று கைடிடம் கேட்டால் கொடுப்பார். அல்லது இடுக்கியால் கொக்கியை நசுக்கிவிடலாம். மீனுக்கும் வலி குறைவு.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இந்தக் காலத்துத் தூண்டில் கம்புகள் கார்பன் இழையால் ஆனவை. கார்பனில் மின்சாரம் பாயும். கரண்ட் கம்பி போகும் இடத்தில் உயர்த்தி வீசாதீர்கள். இடி சத்தம் கேட்டதும் கம்பைக் கீழே போட்டுவிட்டு வண்டிக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி கழித்துத்தான் திரும்ப வரலாம்.

சர்க்கரைக்காரர் பாதம்

வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் முதலில் அவர் பாதத்தைப் பாருங்கள். பல வருஷச் சர்க்கரையில் பாதம் மரத்திருக்கும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பாறையில் வெறுங்காலோடு நடப்பார், சுடுவதே தெரியாது. சாயங்காலம் பார்த்தால் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அது ஆறுவதற்கு மாதக்கணக்கு ஆகும். சிலருக்கு விரலை எடுக்கும் அளவுக்கும் போய்விடும். அவர் தண்ணீருக்குள்ளும் வெளியிலும் கான்வாஸ் ஷூ போட்டுக்கொள்ளட்டும். ராத்திரி டார்ச் அடித்து, விரல் இடுக்கு உள்பட மற்றொருவர் பார்க்க வேண்டும்.

இன்சுலின் வெயிலில் கெட்டுவிடும். 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. சேலத்து மே மாதத்தில் பூட்டிய காருக்குள் வைத்தால் அவ்வளவுதான். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்தாலும் உறைந்து வீணாகும். ஃப்ரிஜ் இல்லாத டென்டில், பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஈர மணல் நிரப்பிய மண் சட்டியில் நிழலில் வைக்கலாம். மீன் சிக்கும் வரை சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது மாத்திரை, ஊசிக்காரர்களுக்கு ஆபத்து. சட்டைப் பையில் குளுக்கோஸோ நாலு சாக்லேட்டோ இருக்கட்டும். வேர்த்து, கை நடுங்கினால் உடனே வாயில் போட வேண்டும்.

வலிப்பு உள்ளவர்கள் ஆற்றில் இறங்கக் கூடாது. கரையில் தனியாகத் தூண்டில் போடவும் கூடாது. பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் இருக்கட்டும். மாத்திரையை ஒரு வேளை கூடத் தவறவிடாதீர்கள். தூக்கம் கெட்டாலும் வலிப்பு வரும். ஆஸ்துமாக்காரர்களின் இன்ஹேலர், இதய நோயாளியின் நாக்கடி மாத்திரை எல்லாம் பெரிய பெட்டிக்குள் போகக் கூடாது. உடம்போடு இருக்க வேண்டும், பிளாஸ்டிக் பையில் சுற்றி. எல்லோருடைய மருந்துச் சீட்டையும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி டென்டுக்குள்

கட்டுவிரியன் ராத்திரியில் வரும். தரையில் தூங்குகிறவரைக் கடித்தால் பல சமயம் வலியோ வீக்கமோ இருக்காது. விடியற்காலை வயிற்று வலி, கண் இமை சொருகுவது, பேச்சுக் குழறுவது என்று ஆரம்பிக்கும்போதுதான் தெரியும். டென்டின் ஜிப்பை முழுக்க இழுத்து மூடுங்கள். கட்டில் இருந்தால் கட்டில். கொசுவலையைப் படுக்கைக்கு அடியில் செருகிவிடுங்கள். ஒன்றுக்குப் போக எழுந்தால் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் ஓர் அடி வைக்க வேண்டாம். தின்பண்டத்தை டென்டுக்குள் வைத்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். முறுக்கு டின் ஜீப்பில் தூங்கட்டும்.

கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ கட்டை வைத்து அசையாமல் வைத்து, விஷமுறிவு ஊசி இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். ஒகேனக்கல் போனால் பென்னாகரம், தருமபுரி என்று வரிசையாகத் தெரிந்து வைத்திருங்கள். காட்டில் செல்போன் சிக்னல் கிடைக்காது. எங்கே போனால் 108-க்குப் பேச முடியும் என்று பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. காவிரிக் கரைக் காட்டில் யானை உண்டு, ஆற்றில் முதலை உண்டு. இருட்டியபின் தண்ணீர் ஓரம் போகாதீர்கள் என்று கைடு சொன்னால் அதில் வாதாட எதுவுமில்லை.

வயிற்று விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆற்று நீர் தெளிவாக இருந்தாலும் கொதிக்கவைக்காமல் வேண்டாம். புளிச்சாதம் தாங்கும், தயிர்சாதம் வெயிலில் தாங்காது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பாக்கெட் என்று ஓ.ஆர்.எஸ். நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக் கெண்டையில் முள் அதிகம், சின்னக் குழந்தைக்குக் கொடுப்பவர் விரலால் பிசைந்து பார்த்துக் கொடுக்கட்டும்.

யாராவது முழுகினால்

சினிமாவில் வருவது போலக் கத்தி, கையை ஆட்டி யாரும் மூழ்குவதில்லை. வாய் மேலே வருவதே மூச்சுக்குத்தான். கத்த நேரம் இருக்காது. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று சத்தமில்லாமல், தலை பின்னால் சாய்ந்து நிமிர்ந்து நின்றால் அதுதான் அடையாளம். ஆகவே பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது ஒரு பெரியவருக்கு அதைப் பார்ப்பது மட்டுமே வேலை. செல்போன், சீட்டுக்கட்டு எதுவும் கூடாது. அரை மணிக்கு ஒருவராக மாற்றிக்கொள்ளுங்கள்.

காப்பாற்றக் குதிக்காதீர்கள். மூழ்குகிறவர் கழுத்தைக் கட்டிக்கொண்டால் இருவருமே போய்விடுவீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் அண்ணன் தம்பி வரிசையாக மூழ்கிய செய்தி ஒவ்வொரு கோடை லீவிலும் பேப்பரில் வருகிறது. கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு புடவையை வீசுங்கள். பதினெட்டு அடி நீளம், நல்ல பலம்! காலில் சுற்றினால் எமன், கரையிலிருந்து வீசினால் கயிறு. மூடி இறுக்கிய காலி இருபது லிட்டர் கேன், லாரி ட்யூப், மூங்கில் கழி, மிதக்கும் எதையும் தூக்கிப் போடலாம்.

கரைக்குக் கொண்டுவந்ததும் ஊர்ப் பழக்கம் ஒன்று உண்டு. தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, குப்புறப் போட்டு வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பது. தயவுசெய்து வேண்டாம். வயிற்றிலிருந்து வெளியே வரும் தண்ணீரும் சோறும் மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அதைவிட மோசம், அந்த இரண்டு மூன்று நிமிடம் மூளைக்குக் காற்றில்லாமல் போய்விடுகிறது.

மூச்சு இல்லை என்றால், கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். நெற்றியைப் பின்னால் சாய்த்து, முகவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். மார்பு உயர வேண்டும். மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று. அசைவில்லை என்றால் மார்பின் நடுவில் கைகளைக் கோத்து, இரண்டு அங்குலம் அமுங்கும்படி 30 முறை வேகமாக அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம். பிறகு இரண்டு முறை ஊதுங்கள். மறுபடி 30. சின்னப் பிள்ளைக்கு ஒரு கையே போதும். வாயில் நுரை வந்துகொண்டே இருக்கும், துடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை, களைத்தால் ஆள் மாற்றி, நிறுத்தாமல் செய்யுங்கள். பிழைத்து எழுந்து உட்கார்ந்து "நல்லா இருக்கேன்" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்துத் தொந்தரவு தரும்.

இதைப் படித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். தலையணையை வைத்து இன்றைக்கே ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பிள்ளைகளுக்கு முதலுதவிப் பயிற்சி கிடைத்தால் லீவுக்கு முன்பே சேர்த்துவிடுங்கள்.

டூர் முடிந்து அயோத்தியாப்பட்டணம் திரும்பி, துணியெல்லாம் துவைத்துக் காயப்போட்டாயிற்று. ஒரு வாரம், பத்து நாள் கழித்து யாருக்காவது குளிரோடு காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் வெறும் பாராசிட்டமாலோடு நிற்காதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த நீர் காலில் இருந்த சிராய்ப்பு வழியாகப் புகுந்து எலிக்காய்ச்சல் வரலாம். புதரில் இருக்கும் ஒரு வகைப் பூச்சி கடித்து உண்ணிக்காய்ச்சல் வரலாம். அக்குள், தொடை இடுக்கு, பெல்ட் கட்டும் இடத்தில் சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஆரம்பத்திலேயே தெரிந்தால் இரண்டுமே விலை குறைந்த மாத்திரையில் குணமாகும். நீங்கள் சொல்லாவிட்டால் டாக்டருக்கு அந்த யோசனை தோன்றாமலே போகலாம். அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்: "டாக்டர், நாங்க பத்து நாள் முன்னாடி ஆத்துல இறங்கினோம், கரையில டென்ட்ல தங்கினோம்."